கேட்டது ஒன்று, தந்தது வேறொன்று: கடையில் பொருள் மாறிவிட்டால் வாங்கியவரின் உரிமை என்ன?

கடையில் கேட்ட பொருளுக்குப் பதிலாக வேறொன்று பொதிக்குள் இருந்தால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இரண்டு விதமான பதில்கள் உலவுகின்றன. பொதியைப் பிரித்துவிட்டால் அதன்பின் எதுவும் செய்ய முடியாது, கடைக்காரர் விரும்பினால் மாற்றித் தருவார், விரும்பாவிட்டால் நமது கெட்ட காலம் என்பது ஒரு பதில். எந்தப் பொருளையும் ஏழு நாட்களுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், அப்படி ஒரு சட்டமே இருக்கிறது என்பது மற்றொரு பதில். முதலாவதை நம்புபவர்கள் தமக்குச் சேரவேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை நம்புபவர்கள் கேட்க உரிமை இல்லாத இடத்தில் கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள். இலங்கைச் சட்டத்தின் நிலைப்பாடு இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது சிக்கலானதும் அல்ல. அதை அடியிலிருந்து விளங்கிக்கொள்ள இக்கட்டுரை உதவும்.

பக்கத்து வயலை உழுத உழவு இயந்திரம்

பெரும்போகம் தொடங்கும் நேரத்தில் ஒரு விவசாயி, தனது வயலை உழுது தருமாறு உழவு இயந்திரம் வைத்திருப்பவரிடம் பேசிக் கூலியையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரக்காரர் அதிகாலையில் வட்டைக்குள் இறங்கி, வரம்பை மாறி விளங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் வயலை முழுவதுமாக உழுதுவிட்டுப் போய்விட்டார். அவர் ஏமாற்றவில்லை, எண்ணெய் செலவழித்திருக்கிறார், உழைத்தும் இருக்கிறார். ஆனாலும் கூலி கொடுத்தவரின் வயல் உழப்படாமல் அப்படியே கிடக்கிறது. 'ஒருமுறை உழுதால் உழுததுதான்' என்று இயந்திரக்காரர் சொன்னால் அந்த வட்டையில் எவரும் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். உரிய வயலை உழுது கொடுக்க வேண்டும், அல்லது கூலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானையாரும் சொல்வார்.

கடையில் பொருள் மாறிப்போவதும் இதே நிலைதான். பணம் வாங்கியாயிற்று, ஒரு பொருளும் கைமாறியாயிற்று. ஆனால் பேசிக்கொண்ட பொருள் இன்னும் தரப்படவில்லை. ஆகவே மாற்றித் தருமாறு கேட்பவர் சலுகை எதையும் கேட்கவில்லை; இன்னும் நிறைவேறாத ஒரு வாக்குறுதியை நிறைவேற்றுமாறே கேட்கிறார். இந்த ஒரு விடயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிதாக விளங்கும்.

விற்பனை என்பது ஓர் ஒப்பந்தம்

ஒப்பந்தம் என்றவுடன் முத்திரை ஒட்டிய தாளும் கையொப்பமும் பலருக்கு நினைவுக்கு வரும். சட்டத்தில் ஒப்பந்தம் என்பது, நிறைவேற்றுமாறு வற்புறுத்தக்கூடிய ஓர் உடன்பாடு மட்டுமே. அது வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். 'ஒரு குதிரைவலு வாட்டர் மோட்டர் ஒன்று தாருங்கள்' என்று கேட்டு, 'இன்ன விலை' என்று பதில் வந்து, 'சரி' என்று பணத்தைக் கொடுத்த நொடியில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. தொலைபேசியிலோ வாட்ஸ்அப் குறுஞ்செய்தியிலோ கேட்டு வாங்கினாலும் அப்படியே. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னணு வடிவில் இருப்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாதபடி செய்திருக்கிறது.

இலங்கையில் பொருள் விற்பனையை ஆளுகின்ற அடிப்படைச் சட்டம், 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் தமது நாட்டில் 1893 இல் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றி இங்கே கொண்டுவந்த இக்கட்டளைச் சட்டம் நூற்று இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நடைமுறையில் இருக்கிறது. இன்றைய நமது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே உள்ளது.

அந்தச் சட்டம் விவரிப்பு என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பொருள் இன்னதுதான் என்று அடையாளம் காட்டும் சொற்கள், அளவு, இனம், வகை ஆகியவற்றையே விவரிப்பு என்று கொள்ள வேண்டும். 'இரண்டு அங்குலக் குழாய்', 'மூன்று மாத விதை நெல்', 'ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பால்மா' என்பவை எல்லாம் விவரிப்புகள். விவரிப்பைச் சொல்லி ஒரு பொருள் விற்கப்பட்டால், தரப்படும் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை, இருவரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த விற்பனைக்குள் இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. நிபந்தனை என்பது, மீறப்பட்டால் வாங்கியவர் முழுப் பொருளையுமே வேண்டாம் என்று மறுத்துவிடக்கூடிய அளவுக்கு முக்கியமான ஒப்பந்த அம்சமாகும்.

சுருக்கமாகச் சொன்னால், கேட்டு வாங்கிய பேச்சே ஒப்பந்தம். அந்தப் பேச்சில் பொருளை அடையாளம் காட்டிய சொற்களே விவரிப்பு. விவரிப்புக்குப் பொருந்தாத பொருளை மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

'தெரியாமல் நடந்த பிழை' என்ற பதில்

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம் இதுதான்: வேலைக்கு நிற்கும் பொடியன் மாறி எடுத்துக் கட்டிவிட்டான், மொத்த வியாபாரி பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார், கடையில் அன்று சனம் அதிகமாக இருந்தது. இவை உண்மையாகவே இருக்கலாம். பெருநாள் காலத்திலும் தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்திலும் கல்முனையிலோ காத்தான்குடியிலோ புடவைக்கடைக்குள் நின்றவர்களுக்கு, அந்த நெரிசலில் பொதிகள் மாறுவது எவ்வளவு எளிது என்பது தெரியும். அதற்காகக் கடைக்காரரைக் கள்வன் என்று பேசுவது தவறு. அப்படிப் பேசத் தேவையும் இல்லை.

ஏனெனில் மேலே சொன்ன நிபந்தனை, விற்றவரின் நோக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. அவர் கவனமாக இருந்தாரா, வேண்டுமென்று செய்தாரா, பிழை யாருடைய கையில் தொடங்கியது என்பதெல்லாம் பொருளை மறுக்கும் உரிமையை மாற்றாது. தரப்பட்ட பொருள் பேசிய பொருளா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. மொத்த வியாபாரி அனுப்பிய பெட்டியில் பிழை இருந்தால், சில்லறைக் கடைக்காரர் அதை அந்த வியாபாரியிடம் கேட்டுப் பெறலாம். தன்னிடம் வாங்கியவரை 'கொழும்புக் கம்பனியிடம் போய்க் கேளுங்கள்' என்று அனுப்பிவிட முடியாது. ஒப்பந்தம் செய்தவர்கள் இருவர்தான், அவர்களுள் ஒருவர் அந்தக் கடைக்காரர்.

நோக்கம் முக்கியமாவது வேறோர் இடத்தில். வேண்டுமென்றே ஒரு பொருளை வேறொன்றாகக் காட்டி விற்பதும், தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ்த் தனியாகத் தடுக்கப்பட்டவை. அது ஏமாற்று வியாபாரம் பற்றிய விடயம்; இங்கே நாம் பேசுவது நேர்மையாக நடந்த பிழையைப் பற்றி.

மூன்றையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது

இந்த விடயத்தில் ஏற்படும் சண்டைகளில் பெரும்பாலானவை, வெவ்வேறான மூன்று நிலைமைகளை ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வருபவை என்பது என் கருத்து.

முதலாவது, மனம் மாறுவது. நீலச் சேலையைப் பார்த்து, தொட்டு, தெரிவு செய்து வாங்கிய ஒருவர், வீட்டுக்கு வந்தபின் பச்சையே நல்லாக இருந்திருக்கும் என்று நினைத்தால், அதை மாற்றித் தருமாறு வற்புறுத்தும் உரிமை அவருக்கு இல்லை. கடைக்காரர் மாற்றித் தந்தால் அது அவருடைய நல்ல மனம், அல்லது அவர் தாமாகவே அறிவித்த சலுகை. எதையும் ஏழு நாட்களுக்குள் திருப்பலாம் என்ற நம்பிக்கை, சில பெரிய கடைகள் தாமாகவே வழங்கும் இத்தகைய சலுகையை எல்லோருக்கும் பொதுவான சட்டமாக எண்ணிக்கொண்டதால் பிறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பழுது. கேட்ட அதே மின்விசிறிதான் கிடைத்தது, ஆனால் அது சுழலவில்லை. இங்கே பொருள் சரியானது, தரம்தான் பிழையானது. இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பொருளின் தரம், பாவித்த முறை, உத்தரவாதக் காலம் என்று வேறு கேள்விகள் எழும்.

மூன்றாவதுதான் மாறிய பொருள். அது நன்றாக வேலை செய்யலாம், கேட்டதைவிட விலை கூடியதாகக்கூட இருக்கலாம். ஆயினும் அது பேசிய பொருள் அல்ல. ஆகவே 'இதுவும் நல்ல சாமான்தானே, இதையே பாவியுங்கள்' என்ற வாதம் இங்கே எடுபடாது. கேட்ட நிறுவனத்தின் பொருள் கையிருப்பில் இல்லாமல், அதற்குச் சமமானது என்று வேறொரு நிறுவனத்தின் பொருளைச் சொல்லாமல் கட்டிக் கொடுப்பதும் இந்த வகையிலேயே சேரும். 'அது இல்லை, இது தரட்டுமா' என்று கேட்டு வாங்குபவர் சம்மதித்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அந்தச் சம்மதத்தோடு ஒப்பந்தமே புதிதாகிவிடுகிறது.

பிழை வாங்கியவருடையதாகவும் இருக்கலாம். சுயமாக எடுத்துக்கொள்ளும் சுப்பர் மார்க்கெட்டில் பெயர்ச்சீட்டைப் படிக்காமல் வேறு பொருளை எடுத்து வந்தவரும், வீட்டில் அளந்து பார்க்காமல் தவறான அளவைச் சொல்லிக் குழாய் வாங்கியவரும் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் ஒன்று எழுதியிருந்து உள்ளே வேறொன்று இருந்தாலோ, தட்டில் ஒட்டியிருந்த சீட்டே பிழையாக இருந்தாலோ அது கடையின் பக்கத்துப் பிழை.

பொதியைப் பிரித்தால் உரிமை போய்விடுமா?

இங்கேதான் மிகப் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. சட்டம் ஏற்றுக்கொள்ளல் என்று ஒன்றைச் சொல்கிறது. தரப்பட்ட பொருளை இதுவே எனக்குரியது என்று வாங்கியவர் உறுதி செய்வதுதான் ஏற்றுக்கொள்ளல். அது நடந்துவிட்டால் பொருளை மறுக்கும் உரிமை பொதுவாக இல்லாமற்போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். பொருளைக் கையில் வாங்குவதும் ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

முன்கூட்டிப் பார்த்திராத ஒரு பொருள் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அது பேசியபடி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று விற்பனைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. பொதியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைச் சோதிக்க முடியாது. எனவே பிரிப்பதே அந்த உரிமையைப் பயன்படுத்தும் வழி. அதுவே உரிமையைப் பறித்துவிடும் என்று சொல்வது சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். கொழும்பிலிருந்து கூரியரில் வரும் பொதியை வாங்கும்போது இடும் கையொப்பமும் பொதி வந்து சேர்ந்தது என்பதற்கான சான்றுதான். உள்ளே இருக்கும் பொருளைச் சரியென்று ஏற்றுக்கொண்டதற்கான சான்று அல்ல.

ஏற்றுக்கொள்ளல் மூன்று வழிகளில் நிகழும். சரியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று விற்றவருக்கு வாங்கியவர் தெரிவிப்பது ஒன்று. பொருள் இன்னும் விற்றவருடையது என்ற நிலைக்கு முரணாக எதையாவது செய்வது இன்னொன்று. மாறி வந்த துணியை வெட்டிச் சட்டை தைத்துவிடுவதும், மாறி வந்த சாந்தைச் சுவரில் பூசிவிடுவதும் இதற்கு உதாரணங்கள். மூன்றாவது, மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேலாகப் பொருளைச் சும்மா வைத்திருப்பது. நியாயமான காலம் என்பதற்குச் சட்டம் நாட்கணக்கைத் தரவில்லை. பொருளின் தன்மையையும் சூழ்நிலையையும் பார்த்தே அது தீர்மானிக்கப்படும். மீனுக்கும் மரக்கறிக்கும் அது சில மணித்தியாலங்களாக இருக்கலாம். வாட்டர் மோட்டருக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். கூறைச்சேலைக்குக் கல்யாண நாள் வரை காத்திருந்து பிரித்துப் பார்ப்பது புத்தியல்ல.

ஆகவே பிரித்துப் பார்க்கலாம், சோதிக்கலாம். மாறியிருப்பது தெரிந்த பிறகு அதைப் பாவிக்கக்கூடாது. தெரிந்தவுடன் கடைக்குச் சொல்லிவிட வேண்டும்.

விதை நெல்: பிழை தாமதமாகத் தெரியும் பொருள்

அம்பாறை மாவட்டத்தின் வயல் நிலங்களை நினைத்துப் பார்க்கும்போது, மாறிய பொருளால் வரக்கூடிய இழப்புகளிலே மிகக் கொடியது விதை நெல்லில் வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் நீரின் அளவைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் நீர் நிறுத்தப்படும் திகதியும் தீர்மானிக்கப்படுகின்றன. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரில் செய்யப்படும் வேளாண்மைக்கும், உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழ்ச் செய்யப்படும் வேளாண்மைக்கும் இது பொதுவானது. மூன்று மாதத்தில் விளையும் இனத்தைக் கேட்டவருக்கு மூன்றரை மாதத்தில் விளையும் இனம் மாறிக் கொடுக்கப்பட்டால், இரண்டு விதைகளும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். முளைத்து, குடலை பருவம் வரும்வரை விவசாயிக்கு எதுவும் தெரியாது. பக்கத்து வயல்கள் கதிர் தள்ளும்போது தனது வயல் மட்டும் பின்தங்கி நிற்பதைப் பார்த்துத்தான் அவர் உணர்வார். வாய்க்காலில் நீர் நிறுத்தப்படும்போது பயிர் இன்னும் முற்றியிருக்காது.

இந்தக் கட்டத்தில் விதையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அது மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் உரிமை அத்தோடு முடிந்துவிடுவதில்லை. பொருளை மறுக்க முடியாத நிலையிலும், விற்றவரின் ஒப்பந்த மீறலிலிருந்து நேரடியாகவும் இயல்பாகவும் விளைந்த இழப்புக்கு நட்டஈடு கேட்கலாம். விதையின் விலை மட்டுமன்றி, விளைச்சலில் ஏற்பட்ட குறைவும் அந்தக் கணக்கில் வரலாம்.

ஆனால் ஒரு கால எல்லையை விவசாயிகள் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். வாங்கியவர்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவதற்குச் சட்டம் வழங்கும் காலம், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்கள். மூன்று மாத நெல் கதிர் தள்ள விதைப்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எடுக்கும். விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னரே விதை வாங்கப்பட்டிருந்தால், பிழை தெரியவரும் நாளில் முறையிட எஞ்சியிருக்கும் காலம் மிகக் குறைவு. அறுவடை முடியட்டும், எவ்வளவு நட்டம் என்று பார்த்துவிட்டு எழுதுவோம் என்று காத்திருப்பவர் அந்தக் காலத்தைத் தவறவிட்டுவிடுவார். இதனால் விதை மூடையில் கட்டியிருக்கும் சீட்டையும், பற்றுச்சீட்டையும், முடியுமானால் ஒரு பிடி விதையையும் அறுவடை வரை எடுத்து வைப்பது நல்லது. வயல் பின்தங்கியிருப்பது தெரிந்தவுடன் விவசாயப் போதனாசிரியரை அழைத்து வந்து காட்டி, அவர் கண்டதை எழுத்தில் பெற்றுக்கொள்வது அதைவிட நல்லது.

பற்றுச்சீட்டின் அடியில் இருக்கும் வரி

'விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிடப்பட்டிருப்பதையோ, கடைச் சுவரில் எழுதியிருப்பதையோ பார்த்துவிட்டுப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். மனம் மாறி வருபவருக்கு அந்த வரி பொருந்தும். மாறிய பொருளைக் கொண்டுவருபவருக்கு அது பொருந்தாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

ஒன்று, அந்த வரியின் சொற்களே. விற்கப்பட்டது ஒரு குதிரைவலு மோட்டர். கையில் இருப்பது அரைக் குதிரைவலு மோட்டர். கையில் இருப்பது விற்கப்படவே இல்லை, ஆகவே விற்ற பொருளைப் பற்றிய வரி அதைத் தொடுவதில்லை. மற்றது, 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம். தனது சொந்தத் தேவைக்காக வாங்கும் சாதாரணப் பாவனையாளருக்கு எதிராக, பொருள் விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்ற பொறுப்பிலிருந்து விற்பவர் ஒரு வரியை எழுதிவைத்துத் தப்பிவிட முடியாதபடி அந்தச் சட்டம் தடுக்கிறது.

பற்றுச்சீட்டையே தராத கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது வியாபாரியின் சட்டக் கடமை. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அதை விதித்திருக்கிறது. 'அரைக் குதிரைவலு' அல்லது 'ஒரு குதிரைவலு' என்று விவரிப்பையும் அதில் எழுதித் தருமாறு கேட்பது நல்ல பழக்கம். வெறுமனே 'மோட்டர் 1' என்று எழுதிய துண்டு, பின்னர் எதையும் நிரூபிக்க உதவாது. பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டால் உரிமையும் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை. வங்கி அட்டையில் செலுத்திய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், உடன் சென்றவரின் சாட்சியம் ஆகியவையும் சான்றுகளே. ஆனால் பற்றுச்சீட்டு இருந்தால் பேச்சு எளிதில் முடியும்.

பணமா, உரிய பொருளா? கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு யாருடையது?

உரிய பொருள் கடையில் இருந்து, அதை உடனே மாற்றித் தரக் கடைக்காரர் முன்வந்தால், அதை வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நல்லது. பொருள் கையிருப்பில் இல்லை, அடுத்த மாதம்தான் வரும் என்றாலோ, தேவைப்பட்ட நாளே கடந்துவிட்டது என்றாலோ, பொருளை மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பணத்துக்குப் பதிலாக, பிறகு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டை எழுதிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விரும்பினால் அதை வாங்கிக்கொள்ளலாம். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, நியாயமாக மறுக்கப்பட்ட பொருளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வாங்கியவருக்கு இல்லை என்பது. வேறு விதமாகப் பேசியிருந்தாலன்றி, 'இது நான் கேட்ட பொருள் அல்ல, நான் ஏற்றுக்கொள்ளவில்லை' என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்று விற்பனைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஒரு சட்டையைக் கையில் எடுத்துப் போவதில் சிரமம் இல்லை. பொத்துவிலில் இருப்பவருக்கு மட்டக்களப்பிலிருந்து லொறியில் வந்திறங்கிய கூரைத்தகடுகள் மாறியிருந்தால் இந்த விதியின் அருமை விளங்கும். திருப்பி ஏற்றிப் போகும் வாடகை கடைக்காரருடைய பொறுப்பு. அவர் வந்து எடுக்கும்வரை அவற்றை மழையில் போடாமல் கவனமாக வைத்திருப்பது மட்டும் வாங்கியவரின் பொறுப்பு. தெரிவிப்பதை எழுத்தில், குறைந்தது ஒரு குறுஞ்செய்தியாகவேனும் செய்தால், எந்த நாளில் மறுத்தார் என்பதற்கு அதுவே சாட்சியாக நிற்கும்.

குறைவாக, கூடுதலாக, கலந்து வந்தால்

பேசிய அளவைவிடக் குறைவாக வந்தால் முழுவதையும் மறுக்கலாம், அல்லது வந்ததை வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் பேசிய விலைப்படி பணம் கொடுக்கலாம். கூடுதலாக வந்தால் பேசிய அளவை எடுத்துக்கொண்டு மிகுதியை மறுக்கலாம். கேட்ட பொருளோடு கேட்காத பொருளும் கலந்து வந்தால், கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், அல்லது முழுவதையும் மறுக்கலாம்.

விலை கூடிய பொருள் மாறி வந்துவிட்டால் அதை அமைதியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வைத்துக்கொள்ள முடியாது. நமது நாட்டின் பொதுச் சட்டமான உரோம-ஒல்லாந்துச் சட்டம், காரணமில்லாமல் ஒருவருடைய பொருளால் இன்னொருவர் செல்வம் பெருக்கிக்கொள்வதை ஏற்பதில்லை. தவறுதலாகக் கொடுத்துவிட்டவர் அதைத் திருப்பிக் கேட்கலாம். பிழை என்று தெரிந்த பின்னரும் நேர்மையின்றி அதைத் தனதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டக்கோவைக்குள்ளும் வரக்கூடும். கடைக்காரரின் பிழையைத் திருத்துமாறு கேட்கும் அதே நியாயம்தான் இங்கே கடைக்காரருக்கும் கிடைக்கிறது.

மருந்து மாறிவிட்டால்

மருந்தகத்தில் நடக்கும் மாற்றத்தை மேலே சொன்னவற்றோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. இங்கே பணம் இரண்டாம் பட்சம். மருந்துச் சிட்டையில் உள்ள பெயரும் அளவும் கையில் கிடைத்த பொதியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், அதை உட்கொள்ளாமல் மருந்தகத்திடமோ சிட்டை எழுதிய வைத்தியரிடமோ உடனே கேட்க வேண்டும். வைத்தியர் எழுதும் பெயருக்கும் நிறுவனம் வைத்த வியாபாரப் பெயருக்கும் வேறுபாடு இருப்பது இயல்பாகையால், பெயர் வேறாக இருப்பதெல்லாம் பிழையாகிவிடாது. அதனால்தான் ஊகிக்காமல் கேட்டுத் தெளிய வேண்டும். ஏற்கெனவே உட்கொண்டுவிட்டால் மீதி மருந்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வைத்தியசாலைக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும். மருந்தகங்களை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முறைப்பாட்டைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் உள்ள உணவு மற்றும் மருந்துப் பரிசோதகரிடம் கொடுக்கலாம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதிகளுக்குக் கல்முனையில் தனியான பிராந்திய அலுவலகம் இருப்பதால், அங்குள்ளவர்கள் அம்பாறை நகர்வரை போகத் தேவையில்லை.

கடைக்காரர் மறுத்தால்

முதலில் செல்ல வேண்டிய இடம் கடைதான். பொருள், பற்றுச்சீட்டு, பொதி உறை மூன்றையும் எடுத்துக்கொண்டு, வேலையாளிடமன்றி முதலாளியிடம் அல்லது முகாமையாளரிடம் பேசுவது நல்லது. 'மாற்றித் தர முடியுமா' என்று தயங்கிக் கேட்பதைவிட, 'நான் கேட்டது இது, தரப்பட்டது இது, ஆகவே நான் இதை ஏற்றுக்கொள்ளவில்லை' என்று அமைதியாகச் சொல்வது பேச்சை உரிய இடத்தில் தொடங்கி வைக்கும். நமது ஊர்களில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பதால், இந்த அளவிலேயே முடிந்துவிடும் விடயங்கள்தான் அதிகம்.

முடியாவிட்டால், நுகர்வோர் அதிகாரசபை என்றும் அழைக்கப்படும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ வழங்கப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருட்கள் பற்றிய முறைப்பாடுகளை அது விசாரிக்கலாம். முறைப்பாடு நியாயமானது என்று கண்டால் நட்டஈடு வழங்குமாறோ, பொருளை மாற்றித் தருமாறோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ வியாபாரிக்குக் கட்டளையிடலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதன் மாவட்ட அதிகாரிகள் கடமையாற்றுகிறார்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் தகவல் கேட்கலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டதோடு நின்றுவிடக் கூடாது. மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்பட்ட முறைப்பாட்டையே சட்டம் எதிர்பார்க்கிறது. எங்கே, எப்போது, எதைக் கேட்டு, எதைப் பெற்றார், கடைக்காரருக்கு எப்போது தெரிவித்தார், அவர் என்ன பதில் சொன்னார், இப்போது என்ன தீர்வு வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் படங்களையும் இணைத்தால் போதும். மூலப் பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தைத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் எதிர்பார்க்கலாம். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழி என்பதை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உறுதி செய்திருப்பதால், அம்பாறை நகர அலுவலகத்துக்கும் அது பொருந்தும்.

எடையிலோ அளவிலோ குறைவு என்பது பிரச்சினையாக இருந்தால், மாவட்டச் செயலகத்தோடு இணைந்து இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் பரிசோதகரிடம் சொல்லலாம். உணவுப் பொருளில் பிழை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைக் கவனிப்பார்.

இவற்றுக்கு வெளியே, பலரும் காணிச் சண்டைக்கும் அயல்வீட்டுத் தகராறுக்கும் மட்டுமே உரியது என்று நினைக்கும் மத்தியஸ்த சபையும் இத்தகைய விடயங்களுக்குப் பயன்படும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதி நாட்களில் பாடசாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் கூடுகின்றன. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பும் மத்தியஸ்தர்கள் முன் நேருக்கு நேர் இருந்து பேசித் தீர்வு காண்பார்கள். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்காக இருந்தால், இச்சபையின் முன் சென்று இணக்கம் காண முடியவில்லை என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். விதை நெல்லில் விளைச்சலையே இழந்தவரைப் போல நட்டஈட்டுத் தொகை பெரிதாக உள்ளவர்கள், பற்றுச்சீட்டு, விதை மூடைச் சீட்டு, போதனாசிரியரின் குறிப்பு, கடைக்காரருக்கு அனுப்பிய செய்தி ஆகியவற்றை ஒரே கோப்பில் திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியைச் சந்திப்பது நல்லது. வசதியில்லாதவர்கள், வருமான எல்லைக்கு உட்பட்டோருக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை அதே கோப்புடன் நாடலாம்.